ஞாயிற்றுக்கிழமைச் சூடு

முதலில் இஸ்திரிப் பெட்டியைத்தான் சந்தேகப்பட்டேன்.
பீன்யாவில், மூன்றாவது மாடியில்,
ஆவி விடும் பதினாறு பெட்டிகளுக்கு நடுவே
நாள் முழுக்க நிற்பவளுக்கு
வேர்த்தால் அது ஒரு செய்தியா?
மார்பில் தொடங்கி, கழுத்தில் ஏறி,
காதுமடலில் வந்து நின்று துடிக்கும்.
ஒரு நிமிஷம். இரண்டு.
பிறகு முதுகோடு ஒட்டிய ஜாக்கெட்டின் ஈரத்தில்
நடுங்குவேன்.
ஸ்டீம் ஜாஸ்தி வெக்கறாங்கக்கா என்றாள்
காஜா எடுக்கும் பெண்.
ஆமாம் என்றேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் வந்தது.
டிசம்பர். லக்கெரெ வீட்டில்
புருஷன் குல்லா போட்டுக்கொண்டு டிவி பார்க்க,
வெங்காயம் அரிந்த கத்தியை அப்படியே வைத்துவிட்டுப்
பின்பக்கம் போய்த்
தண்ணீர்த் தொட்டியின் சிமெண்டில்
கன்னத்தை வைத்துக்கொண்டேன்.
பெட்டி இல்லை, ஆவி இல்லை.
சூடு என்னுடையது.

ராத்திரி மூன்று மணிக்கு
யாரோ நெஞ்சுக்குள் மெஷினை மிதித்துவிட்டு
எழுந்து போன மாதிரி படபடப்பு.
பகலில், பெட்டியை எடுக்க மறந்து
வெள்ளைச் சட்டை ஒன்றில் பழுப்பு முக்கோணம் பதிந்தது.
சம்பளத்தில் பிடித்தார்கள்.
கவனம் எங்கே என்றான் சூப்பர்வைசர், என் மகன் வயசு.
எங்கே என்று தெரிந்திருந்தால்
போய் எடுத்து வந்திருக்க மாட்டேனா?

அரை நாள் சம்பளம் போக, ராஜாஜிநகர் இ.எஸ்.ஐ.
சீட்டுக் கவுண்டரில் பேரை இரண்டு தரம் கேட்டார்கள்.
போதும்பொண்ணு.
ஐந்தாவதும் பெண் என்று அப்பா வைத்தது.
அதற்குப் பிறகும் இரண்டு பெண் பிறந்தது.
டாக்டர் தலை நிமிரவில்லை.
வயசாச்சு, எல்லாருக்கும் வரும்.
கால்சியம் மாத்திரை. பிரஷர் நார்மல்.
அந்த நார்மலைச் சீட்டோடு மடித்து
பர்ஸில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.
நவரங் நிறுத்தம் வருவதற்குள்
மறுபடி கொதித்தது.

கண்டுபிடித்தவள் கங்கலட்சுமம்மா.
காலர் செக்‌ஷன், துமகூர்ப் பக்கம்.
டாய்லெட் குழாயில் தலையை நீட்டி நின்றவளைப் பார்த்து
நிந்தோயித்தா என்றாள்.
நின்னு போச்சா.
அந்தக் கேள்வி வந்து சேர
இரண்டு மொழிக்கும் நடுவே தூரமே இருக்கவில்லை.

இரண்டாம் முறை அவளும் வந்தாள்,
தன் அரை நாளையும் விட்டு.
இந்தத் தடவை பெண் டாக்டர்.
கடைசியா எப்போ?
தேதி யாருக்குத் தெரியும்?
நீலக் கட்டம் போட்ட சட்டை ஆறாயிரம் பீஸ்
கப்பலுக்குப் போன வாரம், என்றேன்.
கங்கலட்சுமம்மா விரல்விட்டு எண்ணி
போன மார்ச் என்றாள்.
ஒளகெ பெங்கி என்றாள் எனக்காக. உள்ளே நெருப்பு.
தமிழில் சொல்லியிருந்தால் கூசியிருப்பேன்.
தூக்கம், முட்டிவலி, மறதி, சும்மா சும்மா வரும் அழுகை,
ஒவ்வொன்றாகக் கன்னடத்தில் எடுத்து வைத்தாள்,
பட்டன் எண்ணிக் கொடுப்பவள் போல.

ஒன்றை மட்டும் அவளிடம் நான் சொன்னதில்லை.
நீ கொஞ்சம் வெளியே இரு என்றேன்.
உடைந்த கன்னடத்தில் நானே சொன்னேன்:
ராத்திரி, அவர் பக்கம் திரும்பினா,
மணல் மாதிரி.
டாக்டர் எழுதிக்கொண்டே
அதுக்கும் மருந்து இருக்கு என்றாள்,
இருமலுக்குச் சொல்வது போல.
அழுதுவிட்டேன்.
இது காரணம் உள்ள அழுகை.

ரத்தம் கொடுத்தாயிற்று. பதினைந்து நாளில் வரவேண்டும்,
இன்னொரு அரை நாள்.
வாசலில், உள்ளே அவ்வளவு நேரம் என்ன பேச்சு
என்று கேட்டாள். சொன்னேன்.
கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தாள்.
எனக்கும்தான், எட்டு வருஷமா, என்றாள்.
கேக்கலாம்னு தெரியாது.

திரும்பிப் போய்ச் சீட்டு வாங்கலாம் என்றேன்.
அடுத்த தரம் என்றாள்.
பஸ்ஸில்
ஜன்னல் சீட்டை எனக்கு விட்டாள்.